பிலிகுண்டுலு சொல்லும் கணக்கு

கர்நாடகத்தின் கே.ஆர்.எஸ். அணையில் எத்தனை மதகு திறந்தார்கள் என்பது செய்தி. காவிரிக் கணக்கில் ஏறுவதோ, ஒகேனக்கலுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் தண்ணீர்தான். ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்த்து, நீரோட்டமானியை இறக்கி வேகம் பார்க்கிறார்கள். பரப்பை வேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை கனஅடி என்று வரும். 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.

அளவுக்குப் பொதுவான ஒரு தராசு இருப்பதே பெரிய காரியம். சிக்கல் அதற்கு அப்பால்.

2007-ல் காவிரி நடுவர் மன்றம் ஆற்றின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று வைத்து, தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என ஒதுக்கியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. அதில் 4.75 பெங்களூரு குடிநீருக்கு. மீதி 10, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக.

நிலத்தடியில் 20 டி.எம்.சி. இருப்பதாக மதிப்பீடு. ஆனால் அந்த நீரில் பெரும்பங்கு ஆறும் வாய்க்காலும் வயலும் ஊறவிட்டதுதானே? ஆற்றில் ஒருமுறை, போர்வெல்லில் ஒருமுறை என்று ஒரே தண்ணீரை இரண்டு தடவை எண்ணும் ஆபத்து இதில் உண்டு. நடுவர் மன்றம் நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அளவுமீறி உறிஞ்சினால் வரும் கேட்டை மனதில் வைத்தே நீதிமன்றமும் பாதியோடு நின்றது. நாகப்பட்டினம் பக்கம் விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலோரத்தில் அதிகம் இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறிவிடும். நீரியலை நீதிமன்றம் பாதிதான் கேட்டது என்பது என் எண்ணம்.

நல்ல மழை பெய்யும் ஆண்டில் இந்தச் சண்டை எதுவும் காதில் விழாது. 2023-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வந்த நீரை 30 ஆண்டு சராசரியோடு ஒப்பிட்டுப் பற்றாக்குறையைக் கணக்கிட்டது காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. தமிழகம் கேட்டது விநாடிக்கு 24,000 கனஅடி. ஆகஸ்ட் கடைசியில் கிடைத்த உத்தரவு 15 நாளுக்கு 5,000. கூட்டிப் பார்த்தால் ஆறரை டி.எம்.சி.கூடத் தேறாது. அதற்கே பெங்களூருவில் பந்த். இங்கே டெல்டாவில் குறுவை கருகியது.

எத்தனை சதவீதம் குறைவு என்று நீரியலாளர் சொல்லிவிடுவார். வடகிழக்குப் பருவமழை உங்களுக்கு இருக்கிறதே, பொறுங்கள் என்கிறது கர்நாடகம். செப்டம்பரில் கதிர் பிடிக்கும் குறுவை அக்டோபர் மழைக்குக் காத்திருக்காது என்கிறது தமிழகம். வறண்ட ஆண்டில் யாருடைய பயிர் முதலில் காய வேண்டும் என்பதை எந்த நீரோட்டமானியும் காட்டாது. இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி எழுத வேண்டிய அந்தப் பக்கம் மட்டும் எழுதப்படாமலே கிடக்கிறது.