புதுப் பரிசல் வாங்கியாச்சா? தண்ணீரில் இறக்கும் முன் இதைப் படியுங்க!



நம்ம புதுச்சத்திரம் பக்கம் மேட்டுப் பூமி. காவிரி நம்ம மாவட்டத்தில் ஓடினாலும் பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று ஓரமாகவே போய்விடுகிறது. நமக்கு வாய்த்தது ஏரியும் குட்டையும்தான். ஏரியில் மீன் வளர்க்கலாமா, அதற்குப் பரிசல் வாங்கலாமா என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

வாங்கலாமா, வேண்டாமா?

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்க. ஊராட்சியா, நீர்வளத் துறையா? மீன்பாசி குத்தகை யார் பேரில் இருக்கிறது? குத்தகை நம்ம கையில் இல்லாமல் பரிசல் மட்டும் வாங்கினால் அது வாசலில்தான் கிடக்கும்.

அடுத்தது, தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் அப்போது குஞ்சு விடுகிறோம். கட்லா, ரோகு மீன் நன்றாக வளர்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். மாசி, பங்குனியில் இடுப்பளவு தண்ணிக்கு இறங்கிவிடும் ஏரி என்றால் கரையில் நின்று இழுவலை போட்டே பிடித்துவிடலாம், பரிசல் வேண்டியதில்லை. ஏரி வற்றினாலும் கடன் வட்டி வற்றாது! அப்படிப்பட்ட ஊரில் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

வாங்குவது என்று தீர்மானம் போட்டால், பணம் கட்டும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்க. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண் பயனாளிகளுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைத்தார்கள். இப்போது எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பரிசல்?

முன்பெல்லாம் மூங்கில் பிளாச்சால் பின்னி, மேலே தோல் போர்த்துவார்கள். பிறகு தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. இப்போது ஃபைபர் பரிசலும் கிடைக்கிறது. மூங்கில் பரிசல் விலை குறைவு, உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம். ஆனால் அடிக்கடி காயவைத்துத் தார் பூசணும். ஃபைபர் பல வருஷம் உழைக்கும். ஆனால் கல்லில் உரசினால் கீறல் விழும். இழுத்துப் போகாதீங்க, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குங்க. நிழலில் கவிழ்த்து வையுங்க.

முதல் நாள் சோதனை

முழங்கால் தண்ணீரில் வெறும் பரிசலை அரை மணி நேரம் விட்டுப் பாருங்க. உள்ளே கசிவு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு பாரம் ஏற்றிப் பார்க்கணும். இதற்கு நம்ம வீட்டுக் குடமே போதும். 15 லிட்டர் குடம் நிறையத் தண்ணீர் என்றால் 15 கிலோ. நாலு குடம் ஒரு ஆள் கணக்கு. பரவலாக வைத்துப் பாருங்க. பிறகு அதே குடங்களை ஒரே பக்கமாக நகர்த்திப் பாருங்க. விளிம்பு எப்படிச் சாய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காரணம் இதுதான். ஆறரை அடி அகலமுள்ள தட்டை அடிப் பரிசல் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கவே சுமார் 30 கிலோ வேண்டும். நடுவில் உட்கார்ந்த இரண்டு பேர் பாரத்தில் பரிசல் முழுகாது. வலையை இழுக்க இரண்டு பேரும் ஒரே பக்கம் சாயும்போதுதான் கவிழும். அதனால் ஒருத்தர் வலை இழுத்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் உட்காரணும். ஈர வலையும் மீனும்கூடப் பாரம்தான். எழுந்து நிற்கவே கூடாது.

துடுப்புப் போடுவது எப்படி?

பரிசல் வட்டமானது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் ஆட்டுக்கல் மாதிரி சுற்றும். முன்பக்கம் மண்டியிட்டு, துடுப்பைத் தண்ணீரில் விட்டு 8 எழுதுவது போல அசைத்துத் தன் பக்கம் இழுத்தால் நேராகப் போகும். இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரிலேயே பழகுங்க. போகும்போது காற்றை எதிர்த்துப் போங்க. களைத்துத் திரும்பும்போது காற்றே கரைக்குத் தள்ளும். ஆடிக் காற்று அடிக்கும் நாளிலும், இடி கேட்கும்போதும் இறங்க வேண்டாம்.

உயிர் முக்கியம்

* நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் லைஃப் ஜாக்கெட் போடணும். பரிசலோடு சேர்த்தே அதற்கும் பணம் ஒதுக்குங்க.
* சேலை ஈரமானால் காலைச் சுற்றும். சுடிதார் போட்டுக்கொள்ளுங்க. வலைக்கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ கட்டாதீங்க.
* ஏரி வற்றியிருக்கும்போதே ஒரு முறை சுற்றி வாருங்க. வண்டல் எடுத்த பள்ளம், சீமைக்கருவேலக் கட்டை எங்கே என்று பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்க.
* தனியாகப் போகாதீங்க. கரையில் ஒருத்தர் நீளக் கயிற்றோடு இருக்கணும்.

யாராவது தவறி விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. வெட்கப்படாமல் சேலையை வீசியதால் இரண்டு உயிர் பிழைத்தது. கயிறோ, சேலையோ, காலி கேனோ, கைக்கு எது கிடைத்தாலும் முதலில் வீசுங்க.

பரிசல் யார் பொறுப்பு, யார் யார் எந்த நாள் போவது, பழுது வந்தால் செலவு யார் கணக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. எழுதி வைத்தால் பின்னாடி மனஸ்தாபம் வராது.

மீன் இன்றைக்குக் கிடைக்காவிட்டால் நாளைக்குக் கிடைக்கும். போன எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பணும். அதுதான் நமக்கு முதல் லாபம்.