வீட்டுக் கொல்லையில் கற்பூரவல்லி

கிராமத்து வீடுகளில் துளசிக்கு அடுத்தபடியாக வளர்க்கத்தக்க மூலிகை கற்பூரவல்லி. இதனைச் சிலர் ஓமவல்லி என்றும் அழைப்பர். மத்தியதரைக் கடலைச் சார்ந்த மலைப் பிரதேசங்களில் விளையும் ஆரிகானோ என்னும் வாசனை இலை, பட்டணத்துக் கடைகளில் உலர்த்தி விற்கப்படுகிறது. அதன் மணத்துக்கு முக்கிய காரணமான கார்வக்ரால், ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் ஆகிய இரு சத்துக்களும் கற்பூரவல்லி இலையில் உண்டு. ஆகையால், அம்மணத்தை விரும்பும் குடித்தனக்காரர் அதற்கெனக் கைச்செலவு செய்ய வேண்டுவதில்லை.

நிலம்: இச்செடியின் தண்டும் இலையும் சதைப்பற்றுள்ளவை; தமக்கு வேண்டிய ஜலத்தைத் தம்முள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்பவை. வேரடியில் ஈரம் தேங்கினால் வேர் அழுகி, தண்டு கறுத்துச் சாய்ந்துவிடும். ஆதலால் துவைக்கும் கல்லின் அருகிலும், கழிவு ஜலம் ஓடும் வாய்க்காலின் ஓரத்திலும் இதனை நடலாகாது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள மேட்டிடம் உத்தமம். இடமில்லாதவர்கள், அடியில் துவாரமிட்ட பழைய பானையில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய சாணி எரு கலந்து நிரப்பி அதில் நடலாம்.

நடும் முறை: விதை கிடைப்பது அரிது, தண்டை வெட்டி நடுவதே வழக்கம். 4 முதல் 6 அங்குல நீளமுள்ள தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையும்படி நிழலில் ஊன்றவேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். பாத்தியானால் செடிக்குச் செடி ஒன்றரை அடி இடம் விடுக. மேல்மண் ஓர் அங்குல ஆழம் காய்ந்த பிறகே ஜலம் விடுக. நுனியைக் கிள்ளிவர, பக்கக் கிளைகள் வெடித்துச் செடி அடர்த்தியாகும். தண்டு முற்றி இலை சிறுத்த செடியைக் கழித்துப் புதுத் தண்டு நடுவது நலம்.

உபயோகம்: இலையைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி இடலாம், துவையலுக்கும் ரசத்துக்கும் சேர்க்கலாம். சளிக்கும் இருமலுக்கும் இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனுடன் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது. அதனால் உயிருக்கே அபாயம் நேரக்கூடும். குழந்தைக்கு மூச்சு இரைத்தாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் இலைச்சாற்றை நம்பிப் பொழுதைக் கழிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் க்ஷயரோகப் பரிசோதனை அவசியம்.

சங்கத்தின் கடமை: சங்கக் கட்டடத்தின் அருகில் ஒரு சிறு பாத்தி போட்டால் ஊர் முழுவதற்கும் போதும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு தண்டு பெற்றுச்சென்று, செடி தழைத்த பின் இரண்டு தண்டுகளாகத் திருப்பித் தருவதென ஏற்பாடு செய்துகொள்ளலாம். அசலும் வட்டியும் கொல்லையிலேயே வளர்வதால், இக்கடனில் தவணை தவறுவதற்கு எவருக்கும் நியாயமிராது.