எழும்பூர் மியூசியத்துக்குக் கிளம்பும் சிவகாசிக் குடும்பங்களுக்கு

தீபாவளி விற்பனை ஓய்ந்ததும் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். வருடம் முழுக்கத் திரியும் மருந்துமாகக் கிடந்தவர்கள் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவது பெரும்பாலும் அப்போதுதான். சென்னை என்றால் பிள்ளைகள் கடற்கரையையும் மெட்ரோ ரயிலையும் கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்த எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1851-ல் தொடங்கிய இடம். திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள், ரவிவர்மாவின் ஓவியங்கள் எல்லாம் அதன் சேகரிப்பில் உள்ளவை. இவை மக்கள் சொத்து. பார்க்கும் உரிமையும் கெடுக்காமல் காக்கும் பொறுப்பும் நமக்குச் சேர்ந்தே வருகின்றன.

கிளம்பும் முன்

முதலில் லீவு. ஆலை மூடியிருக்கும் நாட்கள் வேறு, சம்பளத்தோடு கூடிய விடுப்பு வேறு. ஆண்டில் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச நாட்கள் வேலை பார்த்த தொழிலாளிக்கு, 20 நாள் வேலைக்கு 1 நாள் வீதம் சம்பள விடுப்பு உண்டு. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

அடுத்தது பை. சென்னைச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது ஒரு கிஃப்ட் பாக்ஸ் எடுத்துப் போவது நம் ஊர் வழக்கம். ரயிலில் அது கூடாது. ரயில்வே சட்டம், 1989-ன் 164-வது பிரிவின்படி, பட்டாசு போன்ற ஆபத்தான பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டு போனால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதனால் ஏற்படும் சேதத்துக்கும் கொண்டு போனவரே பொறுப்பு. கேஸ் சிலிண்டர், ஸ்டவ், மண்ணெண்ணெய்க்கும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் வந்த வினை அது. பக்கத்து இருக்கைக்காரர் இப்படி எதையாவது வைத்திருந்தால் 139-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

கிழமையையும் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் விடுமுறை. பழுது பார்க்கும் வேலைக்காகச் சில கூடங்களைத் தனியாக மூடி வைப்பதும் உண்டு. ரவிவர்மாவுக்காகவே போகிறீர்கள் என்றால் போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

டூர் வேனும் அட்வான்ஸும்

ஏமாற்றம் அதிகம் நடக்கக்கூடிய இடம் இது. "சாப்பாடு, ரூம், மியூசியம் டிக்கெட் எல்லாம் சேர்த்து" என்று பணம் வாங்கிவிட்டு, அங்கே போனதும் டிக்கெட் தனி, பார்க்கிங் தனி என்று கை நீட்டுவார்கள். வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய் மூடிய கதவைக் காட்டுவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே எந்தெந்த இடம், எந்தத் தேதி, எது சேர்த்தி, எது தனி, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சாட்சிதான், அழிக்காதீர்கள். பணத்தை ஜி-பே வழியாகக் கொடுத்தால் தடயம் தானாக இருக்கும்.

பேசியபடி நடக்கவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்த பிறகு புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டூர் நடத்தியவர் சென்னைக்காரராக இருந்தாலும் நீங்கள் விருதுநகர் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

வாசலில்

கட்டணப் பலகையைப் படியுங்கள். பெரியவர், சிறுவர், கேமரா என்று தனித்தனியாக இருக்கும். பலகையில் உள்ளதற்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. "உள்ளே சீக்கிரம் விடுகிறேன், விளக்கிச் சொல்கிறேன்" என்று வெளியில் வந்து ஒட்டிக்கொள்பவரை நம்பாமல், வழிகாட்டி வேண்டுமென்றால் கவுன்டரில் கேளுங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர் கருணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன்படி ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் அவர்கள் புழங்கும்படி மாற்றியாக வேண்டும். விதிகள் 2017-ல் வந்தன. சட்டம் கொடுத்த 5 ஆண்டு அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. அணுகல் தரங்கள் வெறும் ஆலோசனையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாய்தளம் இல்லையென்றால் படம் எடுத்து, மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள்.

கூடத்தின் உள்ளே

சிலையைத் தொட்டுக் கும்பிடத் தோன்றும். வேண்டாம். வியர்வையில் உள்ள உப்பு வெண்கலத்தை அரிக்கும். ஒருமுறை பிடித்த அரிப்பு, மீண்டும் மீண்டும் தலையெடுக்கும். ஃபிளாஷ் வெளிச்சம் வேண்டாம். படம் எடுக்க எங்கே அனுமதி, எங்கே இல்லை என்பதற்கு அங்குள்ள பலகையே சட்டம்.

காலண்டர் அச்சடிக்கும் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தைப் படம் எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது. ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும். ரவிவர்மா 1906-ல் இறந்தவர், ஆகவே அவர் ஓவியங்களுக்கு அந்தத் தடை எப்போதோ தீர்ந்துவிட்டது. சிவகாசிக் காலண்டர்களால் வீடுதோறும் போன கோவில்பட்டி கொண்டையராஜு 1976-ல் மறைந்தவர். அவர் படங்களுக்கு 2036 முடியும் வரை உரிமை உண்டு. அருங்காட்சியகம் வெளியிட்ட புகைப்படத்தை எடுத்துக் காலண்டரில் போடுவதற்கும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்.

நம் மண்ணில் கிடைத்தால்

எழும்பூர் வெண்கலக் கூடத்தில் உள்ள பல சிலைகள் உழும்போதும் தோண்டும்போதும் கிடைத்து, கலெக்டர் வழியாக வந்து சேர்ந்தவை. நம் வைப்பாற்றங்கரையிலும் அப்படிப்பட்ட மண் இருக்கிறது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும் பாசிமணிகளும் சுடுமண் உருவங்களும் வந்தன.

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது உங்களுக்கும் ஏதாவது அகப்படலாம். இந்தியப் புதையல் சட்டம், 1878-ன்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு போவதோடு ஓராண்டு வரை சிறைக்கும் வழி உண்டு. தெரிவித்தவருக்கும் உரிமை உண்டு. அரசு அதை எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும்.

"பழைய பொருள், வாங்கிக்கிறோம்" என்று வருபவரிடம் விற்றுவிடாதீர்கள். 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. கடத்திப் போன சிலைகளை மீட்க எவ்வளவு பாடு என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராசரே உதாரணம். ஆஸ்திரேலியாவின் தேசிய ஓவியக் கூடம் வரை போய், 2014-ல்தான் திரும்பினார்.

எங்கே முறையிடுவது

அருங்காட்சியகத்தில் குறை என்றால் அங்குள்ள அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். நகர்வு இல்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100. கட்டணமோ வசதியோ பற்றிய விவரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கூட்டத்தில் குழந்தை தவறினால் 1098 அல்லது 112. பெண்களிடம் யாராவது தொல்லை செய்தால் 181.

எந்தப் புகாருக்கும் ஆதாரம் வேண்டும். ஆகவே டிக்கெட், வேன் ரசீது, லாட்ஜ் பில் எதையும் ஊர் திரும்பியதும் கிழித்துப் போடாதீர்கள். கொடுத்த பணத்துக்குக் கணக்குத் தீரும் வரை அவை உங்களிடம் இருக்கட்டும்.