மூணாவது சிடியில தாத்தா குரல் இருக்கு!

"இதுல உங்க தாத்தா பேசுறது இருக்கும்மா. கேட்டு எத்தனை வருஷமாச்சு! உன் லேப்டாப்புல போட்டுக் காமியேன்..."

போன பொங்கலுக்கு சேத்தூர் போயிருந்தபோது அத்தை என் கையில் வைத்தது மூன்று சிடிக்கள். 2004-ல் நடந்த அவருடைய கல்யாண வீடியோ. ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் போட்டுக் கொடுத்தது. ரோஜாப்பூக்களுக்கு நடுவே அத்தையும் மாமாவும் சிரிக்கும் கவர். அத்தை இன்னமும் அதை 'கல்யாண கேசட்' என்றுதான் சொல்கிறார்.

லேப்டாப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சிடி போட இடமே இல்லை. மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. டிவிக்குக் கீழே இருந்த டிவிடி பிளேயரோ எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. தாத்தா 2009-ல் இறந்துவிட்டார். வீட்டில் அவர் போட்டோக்கள் நிறைய உண்டு. குரல் இருப்பது இந்த சிடியில் மட்டும்தான்.

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு கவர் இருக்கும். 2000-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடங்கள் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாமே சிடியிலும் டிவிடியிலும்தான் வந்தன. அதற்கு முன்பு விஎச்எஸ் கேசட், பிறகு பென் டிரைவ். நடுவில் மாட்டிக்கொண்டது இந்தத் தலைமுறை வீடியோக்கள்.

சிடி கடைக்கு வந்தது 1982-ல். டிவிடி 1996-ல். நம் ஊரில் அது பிடித்த ஆட்டம் நினைவிருக்கிறதா? திருட்டு விசிடி தொல்லை தாங்காமல், அத்தை கல்யாணம் நடந்த அதே 2004-ல்தான் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். அடுத்த சில வருடங்களில் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என ஒரிஜினலையே திருட்டு விலைக்கு இறக்கியது. 2015-ல் இயக்குநர் சேரன் 'சி2எச்' என்ற பெயரில் புதுப்படத்தை நேரடியாக டிவிடியாக வீட்டுக்கே கொண்டுவந்து பார்த்தார். அதற்குள் ஜனங்கள் செல்போனுக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். உலக அளவில் சிடி தயாரிப்பில் முன்னணியில் இருந்த மோசர் பேர், 2018-ல் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது.

லேப்டாப் பக்கம் நடந்தது இன்னும் சீக்கிரம். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் லேப்டாப்பை உருவிக் காட்டினார். அவ்வளவு ஒல்லியாக இருந்ததற்கு ஒரு காரணம், சிடி டிரைவைத் தூக்கியிருந்தார்கள். வேண்டுமென்றால் தனியாக வாங்கி வெளியே இணைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக அதே வழிக்கு வந்தது. அந்த வெளி டிரைவையும் ஆப்பிள் இப்போது விற்பதில்லை. 2024-ல் அது கடையை விட்டே போய்விட்டது. வேறு கம்பெனி டிரைவ்கள் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் இருக்கும்வரை கிடைக்கும்.

ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். தட்டை உடம்பு, வாலாக ஒரு யுஎஸ்பி கேபிள். ஆசையாக செருகினால் விளக்கு மினுக்கியது, 'டிக்... டிக்' என்றது, அவ்வளவுதான். சிடி சுற்றவே இல்லை. 'ஏமாந்துட்டியா?' என்பது போல அத்தை பார்த்தார்.

தப்பு டிரைவில் இல்லை, என்னிடம்தான். மவுஸும் இன்னும் என்னென்னவோ மாட்டியிருந்த யுஎஸ்பி ஹப்பில் அதையும் சேர்த்துச் செருகியிருந்தேன். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் மின்சாரம் தரும். 3.0 என்றால் 900. சிடி சுற்றத் தொடங்கும் முதல் சில நொடிகளில் டிரைவ் நிறைய மின்சாரம் கேட்கும். பங்கு போட்டால் பட்டினிதான். சில டிரைவ்களின் கேபிளில் இரண்டு யுஎஸ்பி முனைகள் இருப்பது இதற்காகத்தான். லேப்டாப்பிலேயே நேராகச் செருகியதும் சர்ரென்று சுற்றியது.

"செல்போன்லயே மாட்டிப் பாக்கக் கூடாதா?" என்று மாமா கேட்டார். பெரும்பாலும் நடக்காது. போன் தரும் மின்சாரம் போதாது. போதினாலும், சிடியில் எழுதியிருக்கும் முறை போனுக்குப் புரியாது.

முதல் சிடியில் மாப்பிள்ளை அழைப்பு. இரண்டாவதில் முகூர்த்தம். இரண்டிலும் மேளச் சத்தம்கூட இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுகள்தான். இதயத்துக்குள் அத்தை, அன்னப் பறவையின் மேல் மாமா. அந்தக் காலத்து மிக்ஸிங் அப்படி! தாத்தா வருகிறார், வாயசைக்கிறார், பின்னால் டூயட் ஓடுகிறது. "மூணாவதுலதான் பேசுவாங்க" என்றார் அத்தை.

மூன்றாவது சிடியை டிரைவ் ஏற்கவில்லை.

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு காலத்தில் சிடி வாடகைக்கு விட்ட கடை அது. அவர் கண்ணாடிப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். ஊசி குத்தியது போலப் புள்ளிபுள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

"எல்லாரும் பளபளன்னு இருக்குற பக்கத்தத்தாம்மா பத்திரமாப் பாத்துப்பாங்க. சிடியில சரக்கு இருக்குறது மேல் பக்கம். பேரு எழுதுறோம்லா, அதுக்கு ஒட்டிக் கீழ. இது யாரு பால் பாயின்ட் பேனாவால எழுதுனது?"

'3' என்று அழுத்தி எழுதியது அத்தைதான். நான் வாயே திறக்கவில்லை.

அண்ணாச்சி சொன்னது சரிதான். சிடியில் பதிவு இருக்கும் அடுக்குக்கு மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே காவல். கீழ்ப்பக்கக் கீறலையாவது ஓரளவு சமாளிக்கலாம், மேல்பக்கம் உரிந்தால் பதிவே போய்விடும். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தேவலை. இன்னொன்றும் உண்டு. கடையில் வாங்கிய சினிமா சிடி அச்சில் அழுத்தி எடுத்தது. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்தது அப்படி இல்லை, லேசர் ஒரு சாயத்தைச் சுட்டுப் பதிவு செய்தது. வெயில், சூடு, ஈரம் பட்டால் அந்தச் சாயம் கெடும். ஜன்னல் ஓரத்து டிவி ஸ்டாண்டில் வருடக்கணக்காகக் கிடந்த கல்யாண சிடியின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்ட சிடிக்களோடு இதையும் சேர்த்துவிடாமல் இருந்தார்களே என்று தோன்றியது.

அண்ணாச்சி மெத்துத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தார். வட்டமாகத் துடைக்கக் கூடாதாம். மூலையில் தூசியோடு இருந்த பழைய டெஸ்க்டாப்பில் போட்டார். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பதுண்டு. இது படித்தது! ஆனால் காப்பி எடுக்கப் போனால் பாதியில் 'எர்ரர்'. விசிடியில் வீடியோ மொத்தமும் ஒரே பெரிய ஃபைல். ஓர் இடத்தில் தடுக்கினால் விண்டோஸ் முழுவதையும் கைவிட்டுவிடும். அதனால் அவர் காப்பி செய்வதை விட்டுவிட்டு விஎல்சி பிளேயரில் ஓட்டவிட்டு, ஓட ஓடவே ரெக்கார்ட் செய்தார். 26 நிமிடம் கிடைத்தது. மறுவீடு முழுக்கப் போய்விட்டது.

நல்ல நிலையில் உள்ள சிடி என்றால் இத்தனை பாடு இல்லை. விசிடியைத் திறந்தால் 'டிஏடி' என்று முடியும் ஃபைல் இருக்கும், டிவிடியில் 'விஓபி' என்று முடியும் ஃபைல்கள். அப்படியே லேப்டாப்புக்கு இழுத்துப் போடலாம். புது விண்டோஸில் டிவிடி ஓட்டும் வசதி தானாக வராது, இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி போதும். ஒரு டிவிடி நிறைந்தாலே 4.7 ஜிபிதான். 32 ஜிபி பென் டிரைவில் ஆறு டிவிடிக்கள் அடங்கும். பென் டிரைவை மட்டும் நம்பாமல் வேறொரு இடத்திலும் ஒரு காப்பி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள். விசிடி படம் 352க்கு 288 புள்ளிகள்தான், பெரிய டிவியில் கலங்கலாகத் தெரியும். செல்போனில் பார்த்தால் அழகாகவே இருக்கிறது.

வெளி டிரைவ் வீண் செலவா என்று கேட்டால், எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுத்தவர்களைக் கேளுங்கள். படத்தைச் சிடியில் போட்டுக் கொடுக்கும் சென்டர்கள் இன்னும் இருக்கின்றன. வேறு டாக்டரிடம் காட்டும்போது அங்கே டிரைவ் இல்லையென்றால் சிக்கல்தான்.

அன்று ராத்திரி சேத்தூர் வீட்டில் எல்லோரும் என் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். மூன்றாவது சிடி, பந்திக் காட்சி. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், ஸ்டுடியோக்காரர் மறந்து விட்டுவிட்ட சில நொடிகள். பாத்திரச் சத்தம், பிள்ளைகள் சத்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாத்தா கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறார்.

"ஏப்பா, படம் பிடிச்சது போதும். நீ இன்னும் சாப்பிடலையே, வந்து உக்காரு!"

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. போனை வாங்கி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டார். அப்புறம் மறுபடியும்.

டிரைவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாளே பக்கத்து வீட்டு மதினி, மகள் சடங்கு சிடிக்களைக் கட்டைப்பையில் போட்டு எடுத்து வந்தாராம். ஐந்தில் நான்கு ஓடியது. ஐந்தாவதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரோ உரித்திருக்கிறார்கள், பூச்சும் கூடவே வந்துவிட்டது.