வீட்டிலிருந்தே நேர்ஸ் பிரக்டீஷனர்: காசு கட்டுமுன் பார்க்க வேண்டியவை

வியாபாரப் பத்தியில் தாதியர் படிப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் சிலர் நினைக்கக்கூடும். வீடு கட்டுவதற்கும் கலியாணத்துக்கும் அடுத்தபடியாக எமது குடும்பங்கள் பெருந்தொகையை முதலிடுவது பிள்ளைகளின் படிப்பில்தான். நூறு மூடை சீமெந்து எடுக்க நான்கு கடைகளில் விலை கேட்டு, மூடையில் அடித்திருக்கும் திகதியையும் பார்த்து வாங்கும் நம்மவர்கள், பல இலட்சம் ரூபா பெறுமதியான படிப்பை ஒரு துண்டுப் பிரசுரத்தை நம்பி வாங்கிவிடுகிறார்கள். ஆகவே இதுவும் வியாபார விடயம்தான்.

சென்ற வருடம் எனது உறவினர் ஒருவரைத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் வைத்துப் பார்க்க நேர்ந்தது. 1990இல் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து, பல வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த இடம் அது. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து மக்கள் திரட்டிய பணத்தில்தான் அந்தப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு முன்னர் வடக்கு நோயாளிகள் பலர் மஹரகமவுக்கே அலைந்தார்கள். அங்கே இரவுக் கடமையில் இருந்த ஒரு தாதி, நான் கடை வைத்திருப்பவன் என்று அறிந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "ஐயா, நீங்கள் வியாபாரக்காரர்தானே, இந்தக் கணக்கு சரிவருமோ எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்றார். வேலையை விடாமல், ஒன்லைனில் படித்து, அமெரிக்க நேர்ஸ் பிரக்டீஷனர் ஆகலாம் என்று ஒரு முகவர் கொடுத்த தாள் அது. முற்பணம் கட்டுவதற்குப் பத்து நாள் தவணை. சங்கிலியை அடகு வைக்க வீட்டில் பேசிவிட்டார்களாம்.

நேர்ஸ் பிரக்டீஷனர் என்பவர் யார் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தாதியாகப் பல வருடம் வேலை செய்தவர் மேற்படிப்புப் படித்து, நோயாளியைத் தானே பரிசோதித்து, இன்ன வருத்தம் என்று தீர்மானித்து, மருந்தும் எழுதிக் கொடுக்கும் நிலை அது. 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். வைத்தியர் போகாத ஊர்களில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்பதே அதன் தேவை. இன்று அந்நாட்டில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் உள்ளனர். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வைத்தியரின் மேற்பார்வை இல்லாமலே இவர்கள் நோயாளரைப் பார்க்கலாம். நமது மூத்தவர்களுக்கு அப்போதிக்கரி ஐயாமாரை நினைவிருக்கும். கிராமத்து டிஸ்பென்சரியில் அவர்கள் செய்த வேலைக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது இது. ஆனால் அப்போதிக்கரிமார் வேறு படிப்புப் படித்து வந்தவர்கள், தாதியரிலிருந்து உயர்ந்தவர்கள் அல்லர்.

ஒன்லைன் படிப்பு என்பதே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பகுதியில் 1925இல் மேரி பிரெக்கின்றிட்ஜ் என்ற பெண்மணி, தாதியரைக் குதிரையில் ஏற்றி வீடு வீடாக அனுப்பும் ஒரு சேவையைத் தொடங்கினார். அதிலிருந்து 1939இல் ஒரு பாடசாலை பிறந்தது. அந்தப் பாடசாலை 1989இல் தொலைக்கல்விக்கு மாறி, இன்று புரொன்டியர் தாதியர் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. தாதியர் தமது ஊரிலிருந்து வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள், சில நாட்கள் மட்டும் வளாகத்துக்குப் போய் வருகிறார்கள். உண்மையான படிப்பு, உண்மையான பட்டம். இப்படிப் பல பல்கலைக்கழகங்கள் அங்கே உண்டு.

சிக்கல் எங்கே இருக்கிறதென்றால், இந்தப் படிப்புகளில் சேர்வதற்கே அமெரிக்க மாநிலம் ஒன்றில் தாதியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். தெல்லிப்பழைத் தாதி காட்டிய தாளின் பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் அந்த நிபந்தனையும் இருந்தது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது சம்பளம் மட்டுமே. இலங்கைத் தாதியர் சபையில் பதிவு பெற்ற ஒருவர் அமெரிக்கப் பதிவு பெற வேண்டுமானால், தமது சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, என்கிளெக்ஸ் எனப்படும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். முதல் படி அதுதான். முகவர் இரண்டாவது படியை முதலில் விற்கிறார்.

அடுத்தது பயிற்சி மணித்தியாலங்கள். பாடத்தைப் போனில் கேட்கலாம், கட்டுரையை நடுச்சாமத்தில் எழுதி அனுப்பலாம். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகும் நேரத்தைக் கொம்பியூட்டரில் முடிக்க முடியாது. முன்பு குறைந்தது 500 மணித்தியாலம் என்றிருந்த அளவை, 2022இல் வந்த அமெரிக்கத் தேசிய நியமம் 750 ஆக உயர்த்தியது. தகுதி பெற்ற ஒரு வைத்தியரோ நேர்ஸ் பிரக்டீஷனரோ பக்கத்தில் நின்று பழக்கிக் கையொப்பமிட வேண்டும். அமெரிக்காவிலேயே அவ்வாறான ஒருவரைத் தேடிப் பிடிக்க மாணவர்கள் அலைகிறார்கள். நேர்ஸ் பிரக்டீஷனர் என்ற பதவியே இல்லாத இலங்கையில் யார் பழக்குவது, யார் கையொப்பமிடுவது? "பயிற்சியை எங்கே செய்வேன், எவருடைய கையொப்பத்தில்?" என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

இந்தியாவிலும் 2016இல் இந்தியத் தாதியர் சபை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென இரண்டு வருட நேர்ஸ் பிரக்டீஷனர் படிப்பை அங்கீகரித்தது. அதுவும் வைத்தியசாலையிலேயே நின்று படிப்பது, ஒன்லைன் அல்ல.

இனி டொலர் கணக்கு. இறக்குமதி செய்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உதாரணத்துக்கு 20,000 டொலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அப்போது அது 40 இலட்சம். மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. அதே கட்டணம் 72 இலட்சம். இரண்டு மாதத்துக்குள் ஒரு வீட்டுக் காணியின் விலை கூடிவிட்டது. சம்பளம் ரூபாவில், கடன் டொலரில் என்றால் நித்திரை வராது. தவணை முறையில் கட்டலாம் என்று முகவர் சொல்வது வசதிபோலத் தெரியும். தவணை நீள நீள ஆபத்தும் நீளும். படிப்பை இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அந்தத் தாளில் தேடினேன், ஒரு வரியும் இல்லை.

அப்படியே படித்து முடித்தாலும், இலங்கையில் அந்தப் பட்டத்துக்கு ஒரு நாற்காலி இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தருக்கு மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம் என்று ஒழுங்கு உண்டு. நோயைத் தீர்மானித்து மருந்து எழுதும் தாதி என்றொரு தரம் கிடையாது. பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பழைய வேலையையே செய்ய வேண்டும்.

அப்படியானால் தெல்லிப்பழையில் வேலை செய்யும் ஒரு தாதி மேலே படிக்க வழியே இல்லையா? இருக்கிறது, முப்பது வருடமாக இருக்கிறது. 1980இல் உருவான இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியுடன் 1994இல் தாதியியல் விஞ்ஞானமாணிப் பட்டத்தை ஆரம்பித்தது. தொலைக்கல்விக்கே பெயர்போன பல்கலைக்கழகம் அதபாஸ்கா. மூன்று வருட டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்று வேலையில் இருக்கும் தாதியருக்காகவே அந்தப் பட்டம் வகுக்கப்பட்டது. அக்காலத்தில் அச்சடித்த பாடப் புத்தகங்கள் கைக்கு வரும், குறித்த நாட்களில் வகுப்புக்குப் போக வேண்டும். இப்போது பாடங்களின் பெரும்பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. கட்டணம் ரூபாவில், பட்டம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தினுடையது. யாழ்ப்பாணத்தில் அதற்கொரு பிராந்திய நிலையமும் உண்டு. இதை விளம்பரப்படுத்த எந்த முகவரும் வரமாட்டார், ஏனென்றால் அதில் அவருக்குக் கொமிஷன் இல்லை.

இரவுக் கடமையும் மூன்று வயதுப் பிள்ளையும் ஒரு கையில், ஒப்படையும் பரீட்சையும் மறு கையில் என்று வைத்திருப்பது லேசான காரியமல்ல. படிப்பு ஆங்கிலத்தில் என்பதும் பலருக்குத் தடை. இதே யாழ்ப்பாணத்தில், 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார் என்பதை நினைக்க ஆச்சரியமாக இருக்கிறது. இன்று அந்த வசதி இல்லை. பட்டப்படிப்பில் சேர்வதற்கு ஒரு வருடம் முன்பே ஆங்கிலத்தைத் தேய்த்துக்கொள்வது நல்லது. அந்த ஆங்கிலம் வீண்போகாது. பிரித்தானியா போவதானாலும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது ஓ.ஈ.ரி. பரீட்சை வேண்டும், அதன்பின் அந்நாட்டுத் தாதியர் சபையின் கணினிப் பரீட்சையும் அங்கே நேரில் செய்துகாட்டும் பரீட்சையும் உண்டு. அங்கு சாதாரண தாதியாக நுழைந்து, சில வருடம் வேலை செய்து, பிறகு அந்நாட்டிலேயே மேல்நிலைப் படிப்புக்குப் போவதுதான் நடைமுறை. அப்போது படிப்புச் செலவை வேலை தருபவரே ஏற்கும் வாய்ப்பும் உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் போக எண்ணுபவர்கள், தொலைக்கல்விப் பட்டத்தை அந்த நாட்டுச் சபை ஏற்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குறுக்குவழி தேடியவர்களின் கதை 2023 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியானது. புளோரிடா மாநிலத்தில் மூன்று தாதியர் பாடசாலைகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. விற்றவர்கள்மீது வழக்கு வந்தது. வாங்கியவர்களில் பலர் பரீட்சையும் எழுதி வேலையும் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களுடைய பதிவுகளும் விசாரணைக்குள் வந்தன. அமெரிக்காவிலேயே இப்படியென்றால், கடல் கடந்து இங்கே விற்கப்படும் தாளை எத்தனை தரம் திருப்பிப் பார்க்க வேண்டும்?

நமது சமூகத்துக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. சீருடை, இரவு வேலை என்று காரணம் சொல்லி நமது பெண்பிள்ளைகளைத் தாதியர் தொழிலுக்கு அனுப்பத் தயங்குகிறோம். ஆனால் உம்மாவையோ மனைவியையோ வாட்டில் சேர்த்தால், பெண் தாதி இல்லையா என்று முதலில் கேட்பதும் நாம்தான். அகழ்ப்போர்க் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயப்பட்டோரைப் பராமரித்த ருஃபைதா (ரழி) அவர்களை ஜும்ஆவில் கேட்டுச் சிலாகிக்கிறோம், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, மீண்டும் வந்து குடியேறிய குடும்பங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அமெரிக்க முகவர் அல்ல, திறந்த பல்கலைக்கழகக் கட்டணமும் பிரயாணச் செலவும்தான். நகையை அடகு வைத்து வட்டியில் விழுவதற்குப் பதிலாக, பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தகர்களும் சேர்ந்து இதற்கென ஒரு கர்ழன் ஹஸனா நிதியை வைத்தால் என்ன? பட்டம் முடித்து வேலையிலுள்ள பிள்ளை மாதாமாதம் திருப்பித் தரும். அரசாங்கச் சம்பளம் வாங்குபவருக்குக் கொடுக்கும் கடன், என் அனுபவத்தில், கடைக்குக் கொடுக்கும் கடனைவிடப் பத்திரமானது.

தெல்லிப்பழைத் தாதி முற்பணம் கட்டவில்லை. ஆங்கில வகுப்பொன்றில் சேர்ந்திருப்பதாக, உறவினரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது சொன்னார்.

திறந்த பல்கலைக்கழகம் புதிய மாணவரைச் சேர்க்கும்போது பத்திரிகைகளில் அறிவித்தல் வரும். தாதியர் சபைப் பதிவுச் சான்றிதழ், டிப்ளோமாப் பெறுபேறு, தேசிய அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்முக வகுப்புகளும் வைத்தியசாலைப் பயிற்சியும் எந்த நிலையத்தில் நடக்கும், கடமை மாற்றிக்கொள்ள மேலதிகாரியிடம் என்ன கடிதம் வேண்டும் என்பவற்றை யாழ். பிராந்திய நிலையத்தில் நேரில் போய்க் கேட்பதே மேல். மோட்டார் சைக்கிள் லீசிங் பற்றிக் கேட்டிருந்த வாசகருக்கான பதில், இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்.