இந்திய ரயில்வே மகளிர் கூடைப்பந்து அணி

இந்திய ரயில்வே மகளிர் கூடைப்பந்து அணி என்பது இந்திய ரயில்வே துறையில் பணியாற்றும் வீராங்கனைகளைக் கொண்ட அணியாகும். இந்தியாவில் நடைபெறும் தேசிய மூத்தோர் கூடைப்பந்து வாகையர் போட்டிகளில் மிக அதிக வெற்றிகளைப் பெற்ற மகளிர் அணிகளுள் இது முதன்மையானது. ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம் இவ்வணியை நிர்வகிக்கிறது. இந்திய மகளிர் தேசிய அணியில் இடம்பெற்றவர்களில் பலர் ரயில்வே ஊழியர்கள் ஆவர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயில் பணியாற்றிய கீத்து அன்னா ஜோஸ், அனிதா பால்துரை ஆகிய இருவரும் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூடைப்பந்து வீராங்கனைகள் ஒரு கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஊதியம் பெறுகின்றனர். இந்தியாவில் அத்தகைய தொழில்முறை மகளிர் கழகங்கள் வேரூன்றவில்லை. அந்த இடத்தை நீண்ட காலமாக நிரப்பி வருவது ரயில்வே போன்ற அரசுத் துறைகளின் அணிகளே. ஆகவே இவ்வணியின் வரலாறு, கூடைப்பந்தை நம்பி ஒரு பெண் வாழ முடியுமா என்ற கேள்விக்கு இந்தியா கண்ட விடையின் வரலாறும் ஆகும்.

பின்னணி

கூடைப்பந்து விளையாட்டை 1891 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் ஜேம்ஸ் நைசுமித் என்ற உடற்கல்வி ஆசிரியர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில் உருவாக்கினார். குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் விளையாடுவதற்காக இது அமைக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே அதே மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை விதிகளைச் சற்று மாற்றி மாணவியருக்கு இவ்விளையாட்டைக் கற்பித்தார். எனவே பெண்கள் கூடைப்பந்து ஆடுவது பிற்காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அன்று. இருப்பினும் ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது. பெண்கள் 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இவ்விளையாட்டு கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியாகப் பரவியது. ஹாரி குரோ பக் என்பவர் 1920 ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி, அதில் பயின்ற ஆசிரியர்கள் மூலம் பள்ளிகளுக்குக் கூடைப்பந்தைக் கொண்டு சென்றது. முதல் தேசிய வாகையர் போட்டி 1934 ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்றது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

அணியின் அமைப்பு

இந்திய ரயில்வேயில் விளையாட்டுக்கான அமைப்பு 1928 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பின்னர் அது ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. தெற்கு ரயில்வே, மேற்கு ரயில்வே, கிழக்கு ரயில்வே போன்ற ஒவ்வொரு மண்டலமும் தனக்கென அணிகளை வைத்துள்ளது. மண்டல அணிகள் தமக்குள் மோதும் போட்டிகளிலும் பயிற்சி முகாம்களிலும் சிறப்பாக ஆடுபவர்கள் இந்திய ரயில்வே அணிக்குத் தேர்வு செய்யப்படுகின்றனர்.

தேசிய வாகையர் போட்டியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் போன்ற மாநில அணிகளோடு ரயில்வே ஒரு தனி அணியாகப் பங்கேற்கிறது. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் உள்ள வீராங்கனைகளை மட்டுமே களமிறக்க முடியும். ரயில்வே அணியோ நாடு முழுவதிலுமிருந்து வீராங்கனைகளைப் பெறுகிறது. இதுவே அதன் வலிமைக்கு முதற்காரணம். ஆண்டு முழுவதும் சேர்ந்து பயிற்சி பெறும் வாய்ப்பும், பல ஆண்டுகள் ஒரே அணியில் நீடிக்கும் அனுபவமும் மற்றக் காரணங்கள்.

வேலைவாய்ப்பு முறை

விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் ரயில்வேயில் சேர விரும்புவோரிடமிருந்து ஒவ்வொரு மண்டலமும் விளம்பரம் வெளியிட்டு விண்ணப்பங்களைப் பெறுகிறது. பொதுவாக 18 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். மொத்தம் 100 மதிப்பெண்களில் விளையாட்டுச் சாதனைகளுக்கு 50, களத் தேர்வில் காட்டும் திறனுக்கு 40, கல்வித் தகுதிக்கு 10 என வழங்கப்படுகின்றன. களத் தேர்வில் தேறாதவர் அடுத்த கட்டத்துக்குச் செல்ல முடியாது.

தேர்வு பெற்றவர் எழுத்தர், பயணச்சீட்டுப் பரிசோதகர் போன்ற பணிகளில் சேர்கிறார். போட்டிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் சிறப்பு விடுப்பு உண்டு. தேசிய, பன்னாட்டு அளவில் பதக்கம் வென்றால் பதவி உயர்வும் ஊதிய உயர்வும் கிடைக்கும். விளையாடும் வயது முடிந்த பின்னும் வேலை தொடரும். சிலர் ரயில்வே அணிகளின் பயிற்சியாளர்களாகவும் ஆகின்றனர்.

இதன் பொருளை ஒரு மாணவியின் நிலையிலிருந்து பார்த்தால் எளிதில் விளங்கும். பள்ளியில் மாவட்ட, மாநில அணிகளுக்கு ஆடும் ஒரு பெண், கல்லூரிப் படிப்பு முடியும்வரை பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடலாம். அதன் பிறகு அவருக்கு வேலை வேண்டும். வேறு வேலைக்குச் சென்றால் காலையும் மாலையும் பயிற்சி செய்ய நேரம் இராது. ஒரு கூடைப்பந்து வீராங்கனையின் உடல்வலிமையும் ஆட்ட அறிவும் முதிர்வது 20 வயதுக்குப் பிறகுதான். சரியாக அந்த வயதில்தான் பெரும்பாலோர் ஆட்டத்தை விடுகின்றனர். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை அந்த இடைவெளியைக் கடக்க உதவும் பாலமாக உள்ளது.

குறிப்பிடத்தக்க வீராங்கனைகள்

கீத்து அன்னா ஜோஸ்

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ் 1985 ஆம் ஆண்டு பிறந்தார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம் கொண்ட இவர் முதலில் கைப்பந்து வீராங்கனையாக இருந்து பின்னர் கூடைப்பந்துக்கு வந்தவர். தெற்கு ரயில்வேயில் பணியில் சேர்ந்து இந்திய அணியின் தலைவராகவும் விளங்கினார். 2006 முதல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலுள்ள ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்துக்காக ஆடினார். ஆஸ்திரேலியக் கழகம் ஒன்றில் ஆடிய முதல் இந்தியப் பெண் இவரே. 2011 ஆம் ஆண்டு அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூட்டிணைவைச் சேர்ந்த சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ அணிகளின் தேர்வு முகாம்களில் பங்கேற்றார். 2014 ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருது இவருக்கு வழங்கப்பட்டது.

அனிதா பால்துரை

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையும் 1985 ஆம் ஆண்டு பிறந்தவர். பதின்ம வயதிலேயே இந்திய அணிக்குத் தேர்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டுக்காக ஆடினார். எட்டு ஆண்டுகள் அணித்தலைவராக இருந்தார். ஆசிய வாகையர் போட்டிகளில் ஒன்பது முறை பங்கேற்ற முதல் இந்தியர் என்ற பெருமை இவருக்கு உண்டு. தேசியப் போட்டிகளில் 30 பதக்கங்கள் பெற்றுள்ளார். தெற்கு ரயில்வேயில் பணியாற்றும் இவருக்கு 2021 ஆம் ஆண்டு பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

குழந்தை பெற்ற பிறகு இவர் மீண்டும் களத்துக்குத் திரும்பினார் என்பது இவரது வாழ்வில் தனித்துக் குறிப்பிட வேண்டிய செய்தி. 2017 ஆம் ஆண்டு சூலை மாதம் பெங்களூரில் நடைபெற்ற ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் இந்திய அணி பட்டம் வென்றபோது அவ்வணியில் இவரும் ஆடினார். இறுதி ஆட்டத்தில் இந்தியா கசக்கஸ்தானை 75-73 என்ற புள்ளிக் கணக்கில் வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அரசு ஊழியருக்குரிய மகப்பேறு விடுப்பும் நிலையான ஊதியமும் இருக்கும்போது, ஒரு வீராங்கனை தாயான பின் ஆட்டத்துக்குத் திரும்புவது எளிதாகிறது. பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் இடங்களில் இந்தப் பாதுகாப்பு பல காலம் இருந்ததில்லை.

போட்டி அணிகள்

கேரளம் ரயில்வேக்கு நீண்ட காலமாகக் கடும் போட்டியாக விளங்கும் மாநிலம். அங்கு கேரள மாநில மின்வாரியம் தனக்கென ஒரு மகளிர் அணியை வைத்துள்ளது. இந்திய அணியின் முன்னாள் தலைவர் பி. எஸ். ஜீனா அவ்வணியைச் சேர்ந்தவர். சத்தீசுகர் மாநிலத்தின் பிலாய் நகரில் பயிற்சியாளர் ராஜேஷ் பட்டேல் பல வீராங்கனைகளை உருவாக்கினார். எளிய குடும்பங்களிலிருந்து வந்த அவரது மாணவியருள் பலர் பின்னர் ரயில்வேயில் வேலை பெற்றனர். அவர் 2018 ஆம் ஆண்டு மறைந்தார்.

தொழில்முறைக் கழகங்களுடன் ஒப்பீடு

ரயில்வே முறையின் நிறைகுறைகளை அறிய, மகளிர் கூடைப்பந்தில் சிறந்து விளங்கும் துருக்கி நாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இசுதான்புல் நகரின் பெனர்பாச்சே விளையாட்டுக் கழகம் 1907 ஆம் ஆண்டு கால்பந்துக் கழகமாகத் தொடங்கப்பட்டது. இன்று அதன் மகளிர் கூடைப்பந்து அணி ஐரோப்பாவின் முன்னணி அணிகளுள் ஒன்று. ஐரோப்பியக் கழகங்களுக்கான மிக உயர்ந்த போட்டியான மகளிர் யூரோலீக்கின் இறுதியில் பலமுறை தோற்ற பின்னர், 2023 ஆம் ஆண்டு அது முதன்முறையாகப் பட்டம் வென்றது. பிராகா நகரில் நடைபெற்ற அந்த இறுதி ஆட்டத்தில் மற்றொரு துருக்கி அணியான மெர்சினை 99-60 என வீழ்த்தியது. 2024 ஆம் ஆண்டு மெர்சின் நகரில் பிரான்சின் வில்னூவ் தாஸ்க் அணியை 106-73 என வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. இதற்கு முன் 2014 ஆம் ஆண்டு இறுதியில் இசுதான்புல் நகரின் கலாதாசராய் கழகம் பெனர்பாச்சேயை வென்று பட்டம் பெற்றிருந்தது.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடுகள் பின்வருமாறு:

முதலாவது, ஊதியம். பெனர்பாச்சே போன்ற கழகங்கள் விளம்பர நிறுவனங்களிடமிருந்து பணம் பெறுகின்றன. அதைக் கொண்டு அமெரிக்காவின் பிரியானா ஸ்டூவர்ட், பெல்ஜியத்தின் எம்மா மெசமன் போன்ற உலகப் புகழ்பெற்றவர்களை ஒப்பந்தம் செய்தன. ரயில்வே வீராங்கனையின் ஊதியம் அவரது பதவியைப் பொறுத்தது. அது குறைவு, ஆனால் நிலையானது.

இரண்டாவது, ஆட்டங்களின் எண்ணிக்கை. துருக்கியில் உள்நாட்டுக் கூட்டிணைவும் ஐரோப்பியப் போட்டியும் சேர்ந்து மாதக்கணக்கில் நடைபெறுகின்றன. வாரந்தோறும் வலிமையான எதிரணியைச் சந்திக்கும்போது ஆட்டம் கூர்மை பெறுகிறது. இந்திய வீராங்கனைக்கு ஆண்டில் சில போட்டித் தொடர்களே கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் முடிந்துவிடும்.

மூன்றாவது, பார்வையாளர்கள். கழக அணிக்கு ஒரு நகரமும் அதன் ரசிகர்களும் உண்டு. துறை அணிக்குச் சொந்த ஊர் இல்லை. அதனால் அதன் வெற்றிகள் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் சில வரிகளோடு நின்றுவிடுகின்றன.

நான்காவது, தேசிய அணியின் வளர்ச்சி. கழகங்களின் வளர்ச்சியை ஒட்டித் துருக்கி மகளிர் அணி 2011 ஐரோப்பிய வாகையர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றது; 2014 உலகப் போட்டியைத் தன் நாட்டில் நடத்தி நான்காம் இடம் பெற்றது. இந்திய மகளிர் அணி 2017 இல் ஆசிய முதற்பிரிவுக்கு உயர்ந்தாலும், 2019 இல் பெங்களூரிலும் 2021 இல் ஜோர்தானிலும் நடந்த போட்டிகளில் கடைசி இடத்தையே பெற்றது.

விமர்சனங்கள்

ரயில்வே அணியின் தொடர் வெற்றிகள் மாநில அணிகளைப் பலவீனப்படுத்துகின்றன என்ற கருத்து உண்டு. ஒரு மாநிலம் பல ஆண்டுகள் பயிற்சி அளித்து உருவாக்கிய வீராங்கனை, வேலை கிடைத்ததும் அம்மாநிலத்துக்கு எதிராகவே ஆட நேரிடுகிறது. வேலை கிடைத்துவிட்டது என்ற நிறைவில் சிலரது ஆட்டத் தீவிரம் குறைகிறது என்றும் கூறப்படுகிறது. மாறாக, வேலையை எடுத்துவிட்டால் அந்த வீராங்கனை எந்த அணிக்கும் ஆட மாட்டார் என்பது மறுதரப்பின் வாதம்.

தொழில்முறைக் கூட்டிணைவு அமைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2015 முதல் 2017 வரை நடைபெற்ற யூ.பி.ஏ. கூட்டிணைவு ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. துடுப்பாட்டத்தில் 2023 ஆம் ஆண்டு ஐந்து அணிகளுடன் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக், பெண்கள் விளையாட்டுக்கும் பார்வையாளரும் விளம்பரதாரரும் உண்டு என்பதைக் காட்டியது. ஆனால் துடுப்பாட்டத்துக்கு ஏற்கனவே இருந்த ரசிகர் கூட்டம் கூடைப்பந்துக்கு இல்லை என்பதையும் கருத வேண்டும்.

முக்கியத்துவம்

கூடைப்பந்துக்கு அதிகச் செலவு தேவையில்லை. 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு வளையம், சமதளமான தரை, பெண்களுக்கான ஆறாம் எண் பந்து ஆகியவை இருந்தால் ஒரு பள்ளியில் ஆட்டம் தொடங்கிவிடும். மாணவியரை ஆட்டத்தில் சேர்ப்பதைவிட, அவர்களைத் தொடர்ந்து ஆட வைப்பதே கடினம். தம் மகள் விளையாடுவதால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்கும்போது, அவர்களுக்குக் காட்டத்தக்க சான்றாக ரயில்வே வீராங்கனைகள் விளங்குகின்றனர். தமிழ்நாடு அரசும் தன் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்குகிறது.

மண்டல அளவிலான களத் தேர்வுக்கு வரும் மாணவி, மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் பெற்ற சான்றிதழ்களை உரிய அமைப்பின் கையொப்பத்துடன் பாதுகாத்து வைத்திருப்பது இன்றியமையாதது. மொத்த மதிப்பெண்களில் பாதி அவற்றைப் பொறுத்தே அமைகிறது.