பந்தய மோட்டார் சைக்கிளும் மலைப் பாதையும்

விசையால் இயங்கும் ஊர்திகளுள், ஓட்டுபவனின் உடலையே தன் உறுப்புகளுள் ஒன்றாக ஆக்கிக்கொள்வது மோட்டார் சைக்கிள். காரில் அமர்ந்தவன் கைச்சக்கரத்தைத் திருப்பினால் போதும். மோட்டார் சைக்கிளிலோ வண்டியோடு உடலும் சாய்ந்தாக வேண்டும். பந்தயக் களத்தில் இக்கலை தன் உச்சத்தை எய்துகிறது. அங்கே உண்டாகும் உள்ளக் கிளர்ச்சிக்குக் காரணம் என்ன, அதற்குரிய இடம் எது என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

பந்தயத்திற்கென்றே பிறந்த அரிய வண்டிகளுள் புகழ்பெற்றது இங்கிலாந்து நாட்டு மாங்ஸ் நார்ட்டன். 1947 முதல் 1960களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட இவ்வண்டிக்கு ஒரே சிலிண்டர். எடை ஏறத்தாழ 140 கிலோ. ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். 1961இல் மைக் ஹெயில்வுட் மான் தீவின் சீனியர் பந்தயத்தில் வென்றது இதன் மீதுதான். இதனை உதைத்துக் கிளப்பும் மிதி கிடையாது. தள்ளிக்கொண்டு ஓடித் தாவி ஏற வேண்டும். மெதுவாகச் செல்கையில் எஞ்சின் தயங்கும். சுழற்சி மிகுந்ததும் சீறிப் பாயும். கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு அகலாத ஆமணக்கெண்ணெயே அக்காலப் பந்தய எஞ்சின்களுக்கு மசகெண்ணெய். நம் வீட்டுப் பாட்டிமார் குழந்தைகளுக்குப் புகட்டிய அதே விளக்கெண்ணெய்தான் மான் தீவிலும் புகைந்து மணத்தது!

இனி, வளைவில் நிகழ்வதைக் காண்போம். ஐம்பது மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பவன், நேர்நிலையிலிருந்து ஏறத்தாழ 39 பாகை சாய வேண்டும். அப்பொழுது வண்டியைத் தரையோடு பிணைத்து வைப்பன டயர்களின் இரு சிறு பகுதிகளே. ஒவ்வொன்றும் உள்ளங்கையினும் சிறியது. வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். ஆகவே, எங்கே பிரேக்கைப் பிடிப்பது, எங்கே சாய்வது, எங்கே மீண்டும் விசையைக் கூட்டுவது என்பனவெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். களத்தில் ஒரே வளைவு சுற்றுக்குச் சுற்று மீண்டும் வருகிறது. முதற் சுற்றில் அச்சமூட்டிய வளைவு பத்தாம் சுற்றில் பழகிய நண்பனாகிறது. அறிவு அச்சத்தை வெல்லும் அந்த நொடியே பந்தய வீரனின் பேரின்பம்.

நம் நாட்டில் இதற்கு வழி வகுத்த இடங்களுள் ஒன்று சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் அங்கே பந்தயக் களமாயிற்று. சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்த அதே 1953ஆம் ஆண்டில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. அக்கிளப் பின்னர் ஸ்ரீபெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் அமைத்தது. 1990 முதல் அங்கே பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். எதிரே வண்டி வாராது. எச்சரிக்கைக் கொடி காட்டுவோர் உண்டு. தடம் தவறினால் ஓடி நிற்க வெளியிடம் உண்டு. மருத்துவ வண்டியும் காத்து நிற்கும்.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வாழும் தமிழன்பர்கள் நாள்தோறும் காணும் பாதைகள் இத்தகையன அல்ல. திருமலையில் 1944இல் திறக்கப்பட்ட பழைய சாலை இன்று இறங்குவதற்கும், 1974இல் அமைந்த புதிய சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஒருவழிப் பாதைதானே என்று எண்ணி இளைஞர் சிலர் விரைவர். ஆனால், வளைவுக்கு அப்பால் பழுதாகி நிற்கும் பேருந்தையோ, சிதறிய மணலையோ, மழையில் நனைந்த சருகையோ யார் முன்னறிவார்? பலமநேர் செல்லும் வழியிலுள்ள மொகிலி மலைப்பாதையிலோ எதிரே லாரிகளும் வரும். இயற்கை விதி இரண்டிடத்தும் ஒன்றே. பிழையைப் பொறுக்கும் இடந்தான் வேறு. களத்தில் தவறியவன் எழுந்து வர வாய்ப்புண்டு. மலைப்பாதையில் தவறினால், தவறு செய்யாத வழிப்போக்கனும் அவனோடு வீழ்வான்.

வேகத்தை விழையும் பிள்ளைகளை வெறுமனே கடிந்து பயனில்லை. சித்தூரிலிருந்து ராணிப்பேட்டை வழியாகவும், திருப்பதியிலிருந்து திருத்தணி, திருவள்ளூர் வழியாகவும் இருங்காட்டுக்கோட்டையை எளிதில் அடையலாம். ஒரு பந்தய நாளில் அவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். தலைக்கவசமும் தோலுடையும் அணிந்து, பயிற்சியாளர் சொற்கேட்டு நடக்கும் வீரர்களை அவர்கள் நேரிற் காணட்டும். வேகத்திற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பது அவர்களுக்குத் தானே விளங்கும்.